போன மாதச் சம்பளம்

…இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்து என்றுதானே பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருந்த அந்தப் பெண் சொன்னாள், அரசாங்க உதவித்தொகை வாங்கினால் பல் வைத்தியம் இலவசம் என்று கிளெண்டா இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள், அப்படி இல்லையாம், வாங்குபவர்களிலும் சம்பளம் ஒரு வரம்புக்குள் இருந்தால்தானாம். தம்பதி என்றால் இருவர் சம்பளத்தையும் ஒன்றாகக் கூட்டுவார்களாம். முன்பல் விண்விண் என்று தெறித்தது, கன்னத்தைக் கையில் தாங்கியபடி மேசை முன்னால் நின்றாள். "வீட்டுக்காரர் கூட இருக்காரா கண்ணு?" "இருக்கார்." "போன மாசம் கூடுதலா வேலை பாத்தாரா?" பார்த்தாரே… குளிர்பதன மீன் கிடங்கில் யாரோ ஒருவனுடைய அப்பா இறந்துபோக, அவனுக்குப் பதிலாக ரோலண்ட் போய் நின்றார், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர், விரல் மரத்துப்போய் வந்து வெந்நீர்க் கெண்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் குளிருக்குக் கிடைத்த கூலிதான் இப்போது வரம்பைத் தாண்டிவிட்டது, கொஞ்சமே கொஞ்சம்தான், ஆனாலும் தாண்டியது தாண்டியதுதானே?

"இலவசம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம், ஆனா பின்னாடி சரிபாப்பாங்க, அபராதம் வரும். எனக்கு மனசு கேக்கல, அதான் சொல்றேன்," என்றாள் அந்தப் பெண், நல்லவள்தான், நல்லவர்களிடம் கோபப்படவும் முடிவதில்லை… பக்கத்து வீட்டு மேவிஸ் மட்டும் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டபோதே சொன்னாள், "புருஷன் விட்டுட்டுப் போயிட்டான்னு எழுதுடி, யாரு வந்து கட்டிலுக்கடியில பாக்கப் போறா?" சிரித்தார்கள் இருவரும், அப்போது சிரிக்க வாய் இருந்தது, இப்போது பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவும்போது பிள்ளைகள் ஏதாவது கேட்டால் உதட்டை மூடிக்கொண்டே தலையாட்டுகிறாள், முசுடு என்று நினைத்திருக்கும் அதுகள். பல்லைக் காப்பாற்றி மூடி போட்டால் அவ்வளவு, பிடுங்கினால் இவ்வளவு, எதற்குமே கையில் காசு இல்லை. இந்த ஹார்டில்பூல் ஊரில் அரசாங்கக் கணக்கில் புதிய நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் ஒரே இடம் இதுதான், இந்த முறையை விட்டால் கோடை வந்துவிடும், அதுவரை இந்தப் பல் இருக்குமா? "வேண்டாம்மா, நான் அப்புறம் வரேன்," என்று சொல்லிவிட்டாள், குரல் யாருடையதோ போல் இருந்தது.

வெளியே கடல்காற்றில் ரோலண்ட் தொப்பியை அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தார். "என்னாச்சு, பிடுங்கிட்டாங்களா?" சொன்னாள், எல்லாவற்றையும். "என்னாலதானா," என்றார். "அப்பா செத்தவன், பாவம், எப்படி முடியாதுன்னு சொல்றது…" "உங்களை யாரு என்ன சொன்னாங்க, நடங்க." அவர் அவள் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார், பேருந்து நிறுத்தம் வரைக்கும் விடவில்லை, இத்தனை வருடத்தில் அந்தப் பழக்கம் மாறவே இல்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டுக்காரர் கூட இருக்காரா என்று அந்த மேசைப் பெண் கேட்டபோது முதலில் தன் நாக்கு நுனி வரை வந்தது 'இல்லை' என்ற சொல்தானே, பொய் சொல்லும் எண்ணமாக வரவில்லை, ஏதோ ஆசை போல வந்தது… அது இந்தப் பல்லுக்காக மட்டும்தானா?