பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள்

மின்வாரிய அலுவலகத்தில் அவருக்கு எக்ஸ்பிரஸ் மேஸ்திரி என்று பெயர். மற்ற மேஸ்திரிகளின் ஆட்கள் ஒரு நாளைக்குப் பதினைந்து ஸ்மார்ட் மீட்டர் மாட்டினாலே பெரிய காரியம். இவருடைய ஆட்கள் நாற்பது மாட்டினார்கள். எப்படி என்று கேட்டால், "எல்லாம் கைராசி" என்று சிரிப்பார். கைராசியாவது மண்ணாங்கட்டியாவது!

முறைப்படி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அந்த வீட்டின் இணைப்பு எண்ணையும் புது மீட்டரின் எண்ணையும் சேர்த்துப் போனில் பதிய வேண்டும். தெருவில் சிக்னல் கிடைக்காது. ஒரு வீட்டுக்கே அரை மணி நேரம் போய்விடும். அதனால் மேஸ்திரி காலையிலேயே அலுவலகத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்து நாற்பது வீட்டுக்கும் நாற்பது மீட்டரைப் பதிந்துவிடுவார். பெட்டியின் மேல் கதவு எண்ணைப் பென்சிலால் எழுதி வேனில் ஏற்றுவார். ஆட்களோ, இடத்தை அடைக்கிறது என்று பெட்டிகளைப் பிரித்து எறிந்துவிட்டு, கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டினார்கள். மேஸ்திரி அதைப் பார்க்காமல் இல்லை. "எதை எங்க மாட்டினா என்ன, எல்லாம் யூனிட்தானே எண்ணப் போவுது" என்று விட்டுவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மின்கட்டமைப்பைப் பலப்படுத்த அரசு ஒதுக்கிய நிதியில் முதல் பங்குதான் இந்த மீட்டர்கள். புயலுக்குச் சாயாத கம்பங்களும் ஊருக்கு இரண்டாவது மின்பாதையும் இரண்டாம் பங்கில்தான் வரும். அது வர வேண்டுமானால் மேலிடத்துக் குழு ஒரு ஒத்திகை பார்த்துத் திருப்திப்பட வேண்டும். புயல் நேரத்தில் செய்வதுபோல், ஒரே பொத்தானில் ஒவ்வொரு வீட்டு மீட்டரும் தானே மின்சாரத்தை வெட்டி மொத்தப் பகுதியும் அணைய வேண்டும்; மெஷினை நம்பி உயிரோடு இருக்கும் நோயாளிகளின் பன்னிரண்டு வீட்டில் மட்டும் மின்சாரம் நிற்கக் கூடாது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று மேஸ்திரியின் அக்கா வீடு. நுரையீரல் கெட்டுப்போய், இரண்டு வருடமாக மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் மெஷின் பக்கத்திலேயே கிடக்கிறாள். அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டர் இருந்தது. "இனிமே உனக்குக் கரண்ட்டே போகாதுக்கா, இது எதுக்கு வீட்டை அடைச்சுக்கிட்டு?" என்று மேஸ்திரிதான் அதை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஒத்திகை பகல் பதினோரு மணிக்கு. அலுவலகக் கூடத்தில் பெரிய திரை. குழுவினர் கையில் குளிர்பானம். இன்ஜினியர் பொத்தானை அழுத்தினார். திரை முழுக்கச் சிவப்பாயிற்று. நடுவே பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

மேஸ்திரியின் போன் அடித்தது. அக்கா.

"மெஷின்... நின்னுருச்சுடா..."

திரையில் அக்கா வீடு பச்சையாக இருந்தது. என்ன நடந்திருக்கும் என்று மேஸ்திரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா வீட்டு எண்ணில் பதிந்த மீட்டர் வேறெங்கோ தொங்குகிறது. இன்ஜினியரின் காதோரம் போய், "சார், எங்க அக்கா வீட்டுல கரண்ட் இல்லையாம்" என்றார்.

"யோவ், கண்ணு தெரியலையா? பச்சையா இருக்குல்ல! பிளக் கழண்டிருக்கும், போய்ப் பாருய்யா."

மேஸ்திரி அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். பதிவு மொத்தமும் தப்பு, நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை போதும். குழுவினரைப் பார்த்தார். தன் வேலையை நினைத்தார். வாயை மூடிக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். பாவி மனிதன்!

அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியூர் போய் நான்கு மாதம் ஆகிறது. பூட்டிய அந்த வீட்டு வாசல் விளக்கு மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. மேஸ்திரி மீட்டரின் சீலை உடைத்தார். உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கினார். மெஷின் உறுமிக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"நீ மாட்டினதுதானேடா?" என்றாள்.

"ஆமாக்கா."

அதற்குள் இன்ஜினியரின் போன். குரலில் குதூகலம் பொங்கியது. "மேஸ்திரி, உங்க அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல எவனோ சீலை உடைச்சிருக்கான்! திரையில அப்படியே காட்டுது. குழுவே அசந்து போச்சு. அவனைக் கையோட புடிச்சு வச்சிருங்க!"

"சார், அந்தத் திருடன் நான்தான். பதிவு பூராத் தப்பு, அக்கா வீட்டு மீட்டர் பக்கத்து வீட்டு எண்ணுல இருக்கு. பன்னெண்டு வீட்டையும் ஒரே நாள்லதான் மாட்டினோம். பாதி வீட்டுல இப்பக் கரண்ட் இருக்காது. உடனே கரண்ட்டை விடுங்க சார்!"

இன்ஜினியரின் குரல் தாழ்ந்தது. "பத்து நிமிஷம் பொறுத்துக்கோ. போட்டோ எடுத்துட்டு இருக்காங்க."

போன் கட்டாகிவிட்டது.

மற்றப் பதினோரு வீடும் மேஸ்திரிக்கு மனப்பாடம். இருப்பது ஒரு பைக், இரண்டு கை. "போடா, போய்ப் பாரு" என்று அக்கா விரட்டினாள். பக்கத்துத் தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். அவருக்கும் இதே மெஷின்தான். மேஸ்திரி கையில் குறடோடு அந்த வீட்டுக்கு ஓடினார். வாசற்படியில் தையல்காரரின் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளும்மா, ஒரே நிமிஷம், வயரைச் சேர்த்துட்டா..."

அவள் நகரவில்லை. "உங்க ஆபீசுக்கு நாலு தடவை போன் போட்டேன். உங்க வீட்டுல கரண்ட் இருக்கு, திரையில பச்சையாத் தெரியுதுன்னு சொல்லிட்டாங்க. நாலாவது தடவை, சும்மா தொந்தரவு பண்ணாதீங்கன்னாங்க."

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"இப்பத் தொந்தரவு ஒண்ணும் இல்ல" என்றாள் அவள்.

மேஸ்திரி குறடைக் கீழே வைத்தார். அங்கே போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. தெரு முழுக்கக் கரண்ட் வந்தது. உள் அறையில் மெஷின் தானாக ஓடத் தொடங்கியது. அதை நிறுத்த யாரும் எழுந்து போகவில்லை.