வகுக்காமல் விட்ட எண்

"கம்ப்யூட்டர் தப்பா சொன்னா யாருக்குப்பா தெரியும்?"

தீக்ஷா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. டெக்சாஸின் பிளானோவில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் சாப்பாட்டு மேஜையில் வாஞ்சிநாதன் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அதுக்குத்தான் அப்பா இருக்கேனே" என்று சமாளித்தார். குழந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. சீரியல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டாள்.

அது 1993. வாஞ்சிநாதன் நாற்பதாவது வயதில் மறுபடி மாணவராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பத்து வருஷம் வேலை பார்த்த எண்ணெய்க் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பியபோது அவரும் அட்டைப் பெட்டியோடு வெளியே வந்தார். வேறு வேலை தேடியிருப்பார். அவர் மனைவி ஸ்வர்ணாதான் விடவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பிஎச்டி, பிஎச்டின்னு சொல்லிண்டிருக்கேள். இப்ப பண்ணாம எப்ப பண்ணப் போறேள்? நான் வேலைக்குப் போறேன். நீங்க அப்ளை பண்ணுங்கோ."

அன்றிலிருந்து நான்கு வருஷம் ஸ்வர்ணா ஒரு டேகேரில் ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். வாஞ்சிநாதன் தினமும் காலையில் விபூதி இட்டுக்கொண்டு, டோல்வேயில் கார் ஓட்டிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட விஷயம் சொல்வதற்கு எளியது. மேற்கு டெக்சாஸில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு பெட்ரோல் நிலையத்தின் அடியில் புதைத்திருந்த தொட்டி 1991இல் கசிந்துவிட்டது. அந்தக் கசிவு மண்ணுக்கடியில் ஓடும் தண்ணீரோடு சேர்ந்து, ஊர்க் கிணற்றை எந்த வருஷம் எட்டும்? மண்ணைத் தோண்டிப் பார்த்துக்கொண்டே போக முடியாது. அதனால் மண்ணையும் தண்ணீரையும் கசிவையும் கணினிக்குள் எண்களாக அமைத்து, காலத்தை வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் புரோகிராமைத்தான் அவர் நான்கு வருஷமாக வரி வரியாக எழுதினார்.

அவருடைய பேராசிரியர் இளமாறன் கோபிசெட்டிபாளையத்துக்காரர், மாணவரைவிட எட்டு வயது இளையவர். இதில் முதலில் இருவருக்குமே கூச்சம் இருந்தது. பிறகு அவர் இவரை 'வாஞ்சி சார்' என்றும், இவர் அவரை 'ப்ரொஃபசர்' என்றும் அழைப்பதாகப் பேசாமலேயே உடன்பாடாயிற்று.

1997 ஏப்ரல். ஆய்வேடு முடிந்து தேர்வாளர்கள் கைக்குப் போய்விட்டது. இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை டிஃபென்ஸ். தேர்வாளர்கள் முன் நின்று ஆய்வை விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டால் பட்டம். பட்டத்தோடு ஜூன் இரண்டாம் தேதி வந்து சேரச் சொல்லி மாநிலத்தின் நீர்வள அலுவலகம் ஒன்று கடிதம் கொடுத்திருந்தது. கசிவு எங்கே எவ்வளவு வந்திருக்கும் என்று கணினி வரைந்த கோடு, சோதனைக் கிணறுகளில் அளந்த புள்ளிகளின்மேல் அச்சாக உட்கார்ந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

டிஃபென்ஸுக்குப் பதின்மூன்று நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, அங்கே காட்டுவதற்காக ஒரு சின்ன உதாரணத்தைப் பென்சிலால் போட்டுப் பார்த்தார். அவருக்கு வந்த விடை ஒன்று. புரோகிராம் சொன்னது வேறு. சரியாக மூன்று மடங்கு வித்தியாசம்.

மண் முழுவதிலும் தண்ணீர் ஓடுவதில்லை. மணலுக்கு நடுவில் இருக்கும் துளைகளில்தான் ஓடுகிறது. குறுகிய வழியென்பதால் வேகம் கூடும். அந்த ஊர் மண்ணில் மூன்றில் ஒரு பங்கு துளை. ஆகவே வேகத்தை அந்த எண்ணால் ஒருமுறை வகுக்க வேண்டும். 1993இல் முதல் பகுதியை எழுதியபோது, 'இரண்டாம் பகுதியில் வகுத்துக்கொள்ளலாம்' என்று விட்டிருந்தார். 1995இல் இரண்டாம் பகுதியை எழுதியபோது, முதல் பகுதியிலேயே வகுத்தாயிற்று என்று நினைத்துவிட்டார். இரண்டும் அவர் கையால் எழுதியவைதான். நான்கு வருஷமாக அவருடைய தண்ணீர் மூன்று மடங்கு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் கோடு எப்படிப் பொருந்தியது? கசிவில் சில பொருள்கள் மணலில் ஒட்டிக்கொண்டு தயங்கித் தயங்கி நகரும். எவ்வளவு ஒட்டும் என்ற எண்ணை, கோடு புள்ளிகளில் விழும்வரை அவர்தான் குறைத்துக்கொண்டே வந்திருந்தார். இந்தத் துறையில் எல்லாரும் செய்வதுதான். அந்தக் குறைப்புக்குள் தவறு பத்திரமாக ஒளிந்துகொண்டுவிட்டது. ஆனால் ஒட்டாமல் தண்ணீரோடு ஓடும் பொருள்களும் கசிவில் உண்டு. அவை ஊர்க் கிணற்றை 2030இல் எட்டும் என்று அவருடைய கடைசி அத்தியாயம் சொன்னது. சரியாக வகுத்துப் பார்த்தால் 2004.

"ஏன்னா, காப்பி ஆறிப் போச்சே" என்றாள் ஸ்வர்ணா.

"தீசிஸ்ல ஒரு தப்பு இருக்கு."

"ஸ்பெல்லிங்கா?"

"ஸ்பெல்லிங்னா தேவலையே." அவர் விளக்கினார். இப்போது சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும், தேதி தவறும், வேலையும் போகும் என்றார். சொல்லாவிட்டால் கண்டுபிடிக்க ஆளில்லை என்பதையும், குரலைத் தாழ்த்தி, சொன்னார்.

ஸ்வர்ணா கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தக் கிணத்துத் தண்ணிய யாராவது குடிக்கறாளா?"

"குடிக்கறா. இருநூறு வீடு."

"அப்பறம் என்ன யோசனை? திங்கக்கிழமை கார்த்தால போய்ச் சொல்லிட்டு வாங்கோ. இப்ப காப்பியக் குடிங்கோ, சுட வெச்சுத் தரேன்."

திங்கட்கிழமை இளமாறன் அந்தப் பென்சில் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு வருசமா நானும் இந்தக் கோட்டப் பாத்துட்டேதான் இருக்கனுங்க. அழகா இருக்குதுன்னு நாலு மீட்டிங்ல காட்டிட்டு வேற வந்துட்டேன்."

"மன்னிக்கணும் ப்ரொஃபசர்."

"மன்னிப்பு எதுக்குங்க, ரெண்டு பேரும் சேந்துதான ஏமாந்தோம். எத்தன ரன் ஓட்டணும்?"

"ஏழு. ஒண்ணொண்ணும் இருபது மணி நேரம்."

"க்யூல முன்னாடி எவ்வளவு இருக்குது?"

"பத்து நாளைக்கு இருக்கு."

பல துறைகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு பெரிய கணினி. எல்லாரும் தங்கள் ஜாபை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த வரிசைக்கு விதி வகுத்த குழுவின் தலைவர் இளமாறன்.

"டிஃபென்ஸ தள்ளிப் போட்டா, எக்ஸாமினர் ஆஸ்டின்காரரு செப்டம்பர்லதான் மறுபடி வருவாருங்க. க்யூவுல என் ஸ்டூடன்ட்ட மட்டும் முன்னாடி தள்ளவும் என்னால முடியாது."

"நான் அதைக் கேக்கலை."

"நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும். அதுதானுங்க எனக்குச் சங்கடம்."

வாஞ்சிநாதன் ஏழு ரன்களையும் வரிசையின் கடைசியில் போட்டுவிட்டு, தவறைத் தெரிவித்துத் தேர்வாளர்களுக்குக் கடிதம் எழுதினார். அதை அச்செடுக்கப் பிரின்டர் அறைக்குப் போனபோது அங்கே நாகமணி நின்றிருந்தாள். வேதியியல் துறை ஆராய்ச்சி மாணவி, தென்காசிப் பெண். பார்த்தால் தலையசைக்கும் அளவுக்குத்தான் பழக்கம்.

"டிஃபென்ஸ் எப்ப அங்கிள்?"

"அங்கிள்னு கூப்பிடாதேம்மா. நானும் ஸ்டூடன்ட்தான்."

"சரி அங்கிள். எப்ப?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னார். அவள் "ஓ" என்றாள். தன் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வரிசையைப் பார்த்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருடைய முதல் ரன் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற பதினோரு ஜாப்களின் பக்கத்தில் 'நிறுத்திவைப்பு' என்ற குறி இருந்தது. போட்டவரைத் தவிர வேறு யாரும் அந்தக் குறியை வைக்க முடியாது. பதினொன்றும் ஒரே பெயரில் இருந்தன. நாகமணி.

புரோகிராமில் ஒரே ஒரு வகுத்தலைச் சேர்த்திருந்தார். ஒட்டும் எண்ணை இந்த முறை அவர் தொடவேயில்லை. அந்த மண்ணைச் சோதனைக்கூடத்தில் அளந்து எப்போதோ வெளியிட்டிருந்த எண்ணை அப்படியே வைத்தார். திங்கட்கிழமை ஏழாவது ரன்னும் முடிந்தது. கோடு, யாரும் இழுத்துப் பிடிக்காமல், தானாகப் புள்ளிகளின்மேல் போய் விழுந்தது. வாஞ்சிநாதன் நாற்காலியிலிருந்து எழுந்து கைகூப்பி நின்றார். பக்கத்து மேஜைக்காரர் கணினிக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை ஸ்வர்ணாவும் தீக்ஷாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாஞ்சிநாதன் முதல் படமாகத் தம் தவறைத்தான் காட்டினார். பிறகு திருத்திய கோடு. பிறகு கிணறு. பாதி வழியில் இருக்கும் சோதனைக் கிணற்றை ஒட்டாத பொருள் 2009இல் எட்டும் என்று பழைய ஆய்வேடு சொல்லியிருந்தது. இந்த வருஷமே எட்டும் என்று இப்போது சொன்னார்.

ஆஸ்டினிலிருந்து வந்திருந்த வெள்ளைத் தாடித் தேர்வாளர் தம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். போன மாதம் அந்தச் சோதனைக் கிணற்றில் எடுத்த தண்ணீரின் அறிக்கை. அந்தப் பொருள் லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"உங்கள் ஆய்வேட்டைப் படித்துவிட்டு, இந்தத் தாளை வைத்து உங்களை மடக்கலாம் என்று இருந்தேன்" என்றார் அவர். "போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. இன்று எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. அந்த ஊருக்கு வேறு தண்ணீர் ஏற்பாடு செய்ய இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது என்று போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்."

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தேர்வாளர்கள் பேசியது நான்கு நிமிஷம்கூட இருக்காது. கதவைத் திறந்த இளமாறன், அறைக்குள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதை வராந்தாவிலேயே தமிழில் சொல்லிவிட்டார்.

"வாங்க, டாக்டர் வாஞ்சிநாதன்."

ஸ்வர்ணா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அம்மா, ஒய் ஆர் யூ க்ரையிங்? ஹி பாஸ்ட்" என்று தீக்ஷா அவளை உலுக்கினாள்.

அடுத்த வாரம் பிரின்டர் அறையில் நாகமணியைப் பார்த்து நன்றி சொல்லப் போனார்.

"எந்த க்யூ அங்கிள்? எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றாள். "ஸ்வீட் எங்க? அத மொதல்ல சொல்லுங்க." அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க அவள் இடம் கொடுக்கவில்லை.

மே மாதத்தின் நான்காவது சனிக்கிழமை. வீட்டில் சாயங்காலம் விருந்து. மேஜையைக் காலி செய்ய வாஞ்சிநாதன் காலையில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். திங்கட்கிழமையும் விடுமுறை என்பதால் ஒருவரும் இல்லை. கடைசியாக ஒருமுறை வரிசையைப் பார்த்தார். நாகமணி புதிதாகப் போட்டிருந்த ஜாப்கள் நகராமல் நின்றிருந்தன. எல்லாரும் கோப்புகளைச் சேமிக்கும் பொது வட்டில், அதாவது டிஸ்க்கில், இடமில்லை என்று செய்தி இருந்தது. அவள் அக்காவின் பிரசவத்துக்காகப் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊருக்குப் போயிருந்தாள். செவ்வாய்க்கிழமைதான் வருவாள்.

வட்டில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தார். அவர்தான். நான்கு வருஷக் கோப்புகள். மாதக் கடைசிவரை அவற்றை அங்கே வைத்திருக்க அவருக்கு உரிமை உண்டு. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அலமாரியிலிருந்து, கோப்புகளைப் பதிந்துவைக்கும் காலி டேப்புகளை எடுத்தார். ஒரு டேப் நிரம்ப இருபது நிமிஷம். நிரம்பியதும் படித்துச் சரிபார்த்து, அந்தப் பங்கை வட்டிலிருந்து அழித்துவிட்டு, அடுத்ததைப் போட்டார். மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. ஒன்பதாவது டேப் முடிந்தபோது நாலு மணி.

திரையில் முதல் ஜாபின் பக்கத்தில் இருந்த 'காத்திருப்பு' மாறி, 'ஓடுகிறது' என்று வந்தது. வாஞ்சிநாதன் அது ஒரு நிமிஷம் ஓடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் கணக்கிலிருந்து வெளியேறி, நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, டேப் பெட்டியோடு படியிறங்கினார்.