இரண்டாவது நம்பர்

சர்வேயர் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் அக்கம்பக்கத்தில் அவருக்கு அதுதான் பெயர். அடுத்தவர் வீட்டு எல்லையை அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்த மனுஷனுக்குத் தன் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் கிடையாது. மனைவி போய் ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை.

அவர் கார் வாங்கிய ஷோரூமை இந்த வருஷம் இழுத்து மூடிவிட்டார்கள். இனிமேல் அதே தாய்க் கம்பெனியின் இன்னொரு பிராண்டு ஷோரூமில் சர்வீஸ் செய்துகொள்ளலாம் என்று கடிதம் வந்தது. அக்கா தங்கை கம்பெனிகள்தான். ஆனால் ஒருத்தி வாக்கப்பட்ட இடம் வேறு, மற்றவள் வாக்கப்பட்ட இடம் வேறு. இங்கே கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது, சோபாவில் உட்கார்ந்தால் ஆளே உள்ளே போய்விடுவார். பளபளக்கும் வண்டிகளுக்கு நடுவே அவருடைய வெள்ளைக் கார், பின்கதவு நசுங்கலோடு, பணக்காரச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்பதைப் போலக் கூசி நின்றது.

வண்டியைப் பார்த்துவிட்டு வந்த வரவேற்புப் பெண் கேட்டாள்: "பக்கத்து சீட்ல ஆளே இல்லாம பெல்ட் போட்டிருக்கே சார்?"

"ஆள் இருக்குன்னு வண்டி நினைச்சுக்குதும்மா. பெல்ட் போடலேன்னா கத்தும்."

"சென்சார் போயிருக்கும். மாத்திடலாம்."

"அது இருக்கட்டும்மா," என்றார் அவசரமாக.

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பினாள். பழைய ஷோரூமின் விவரமெல்லாம் அப்படியே இங்கே வந்திருந்தது. அடுத்த கேள்வி என்னவென்று சர்வேயருக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, அவசரத்துக்குக் கூப்பிட இரண்டாவது நம்பராகக் கொடுத்திருந்த மனைவியின் நம்பரை நீக்கச் சொல்லப் பழைய ஷோரூமுக்குப் போனபோது, வேறு யார் நம்பரைப் போடுவது என்று கேட்டார்கள். ஆளில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல எந்த மனுஷனுக்கு நாக்கு எழும்? அங்கே இருந்த சர்வீஸ் அட்வைசர், மெலிந்த ஆள், எதையோ தட்டிவிட்டு, "முடிஞ்சுதுண்ணே, போய் காபி குடிங்க," என்றான். ஏதோ பத்து எண்ணை இஷ்டத்துக்கு அடித்திருப்பான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"வண்டி ரெண்டு நாள் இங்க இருக்கும். உங்க லைன் கிடைக்கலேன்னா உங்க தம்பிக்குப் பண்றோம். இதே நம்பர்தானே சார்?"

"யாருக்கு?"

"தம்பி. உறவுன்னு இங்க அப்படித்தான் இருக்கு."

நம்பரை ஒரு துண்டுத்தாளில் வாங்கிக்கொண்டு சோபாவின் ஓரத்துக்கு வந்தார். எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"யாருங்க?" காபி குடிக்கச் சொன்ன அந்தப் பழைய அட்வைசரின் அதே குரல்.

"தம்பி, உங்க நம்பரைத்தான் என் வண்டிக்குப் போட்டு வெச்சிருக்கீங்க. தம்பின்னு."

"ஓ! எந்த அண்ணன்? தப்பா எடுத்துக்காதீங்க, அந்த மாதிரி முப்பது பேருக்கு நான் தம்பி."

சர்வேயருக்கு முகம் விழுந்துவிட்டது. ஐந்து நிமிஷம் ஒரு தம்பி இருந்தான், அவனுக்கும் முப்பது பங்காளிகள். வைத்துவிடலாம் என்று போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"இருங்க, வெள்ளை வண்டியா? பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போட்டு வெச்சிருப்பீங்களே, அந்த அண்ணனா?"

"ஆமாம்," என்றார். "முப்பது பேருக்காகவும் உங்களுக்குப் போன் வந்திருக்குமே, தொந்தரவு இல்லையா?"

"ஒன்பது வருஷத்துல முதல் போன் உங்களோடதுதாண்ணே."

சர்வேயர், இப்போது என்ன வேலை என்று கேட்டார். ஷோரூம் மூடியதிலிருந்து வேலை இல்லை, ஒரு டயர் கம்பெனிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றான் அவன்.

"எல்லாம் எழுதிட்டேண்ணே. கடைசியில ஒரு கட்டம்தான் காலைலேருந்து காலியா கிடக்கு. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு கேக்குறான்." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "ஊருக்கெல்லாம் என் நம்பரைப் போட்டவனுக்குப் போட ஒரு நம்பர் இல்ல."

எதிரே வரவேற்புப் பெண் கையெழுத்துக்காகத் தாளை நீட்டிக்கொண்டு நின்றாள். சர்வேயர் அவளை ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"பேனா இருக்கா?" என்றார் போனில். "என் நம்பரை எழுதிக்கோ. அண்ணன்னு போடு."