பின்னோக்கிச் சுற்றிய விசிறி

ஃபிளாமன் விமானத்தின் இடது விசிறி ஆறாவது இறக்கையில் நின்றுவிட்டது. சார்ஜென்ட் அர்மெல் கெரூவாஸ் தோளைக் கொடுத்துத் தள்ளினான். சுவரைத் தள்ளியது போல இருந்தது.

சங்கதி என்னவென்று அவனுக்குத் தெரியும். ஃபிளாமன் என்றால் பூநாரை, பெயர் அழகுதான். ஆனால் அதன் என்ஜின்கள் இரண்டும் வௌவால் ஜாதி, தலைகீழாகத் தொங்குபவை. சிலிண்டர்கள் கீழே பார்த்திருக்கும். விமானம் சும்மா நிற்கும்போது எண்ணெய் ஒழுகி அவற்றில் இறங்கிவிடும். காற்றை நசுக்கலாம், எண்ணெயை நசுக்க முடியாது. அப்படியே கிளப்பினால் பிஸ்டனைத் தள்ளும் தண்டு வளையும். வளைந்த தண்டு உடனே உடையாது, அதுதான் அதன் கெட்ட புத்தி. அரை மணியோ ஒரு மணியோ நல்ல பிள்ளை மாதிரி ஓடிவிட்டு, நடுவானத்தில் கழுத்தை அறுக்கும். அதனால்தான் தினமும் காலையில் ஒவ்வொரு விசிறியையும் கையால் பத்து இறக்கை சுற்றிப் பார்ப்பது. நின்றால் அடிப் பிளக்குகளைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.

"டேய் அர்மெல், விசிறியோட என்ன குஸ்தி?" என்று கத்தினார் விமானி பிரிக்கூர். அவர் காலடியில் இரண்டு கூடை சிப்பி. அர்க்கஷோன் வளைகுடாவில் விடியற்காலை எடுத்தது. பாரிஸ் பக்கத்துத் தளத்தில் அதற்கு ஈடாக ஒரு முழுப் பன்றித்தொடை பேசி வைத்திருந்தார். ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் பிரெஞ்சு விமானப்படையின் பாதிச் சாப்பாடு இப்படித்தான் தளத்துக்குத் தளம் பறந்துகொண்டிருந்தது.

"எண்ணெய் இறங்கியிருக்கு ஐயா. வடிக்கணும். நாப்பது நிமிஷம் ஆகும்."

"கர்னல் வந்துட்டே இருக்கார். பத்து தரேன்."

"முப்பதாவது குடுங்க."

"மீன் சந்தைன்னு நெனச்சியா? பத்து நிமிஷம். மேல ஒரு டஜன் சிப்பி. அவ்வளவுதான்."

பேசி முடிப்பதற்குள் பைன் மரங்களுக்கு நடுவே கர்னலின் கறுப்புக் கார் தெரிந்தது. கர்னல் தெ மோர்வாலுக்குக் காத்திருக்கும் பழக்கம் இல்லை. அவருடைய தோல்பையில் பாரிசுக்குப் போகிற பதவி உயர்வுப் பட்டியல் இருந்தது. அதில் அர்மெலின் பெயரும் இருந்தது. அந்த நம்பிக்கையில் அவன் மனைவி சொலான்ஜ் பெரிய குடியிருப்புக்கான திரைச்சீலைத் துணியைக்கூட வெட்டிவிட்டாள்.

அவசரத்தில் எல்லா மெக்கானிக்கும் ஒரு தடவையாவது செய்துவிட்டு, செய்யவே இல்லை என்று சத்தியம் செய்கிற காரியத்தை அர்மெல் செய்தான். விசிறியைப் பின்னோக்கிச் சுற்றினான். எண்ணெய் சிலிண்டரை விட்டுக் காற்றுக்குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டது. விசிறி வெண்ணெய் போலச் சுழன்றது.

"வடிச்சாச்சா?"

"ஆச்சு ஐயா."

கிளப்பியதும் குழாயில் ஒளிந்திருந்தது திரும்பி வந்தது. விமானத்தின் பெரிய இறக்கைக்கு அடியில் அதைத் தொட்டபடி நின்றிருந்த அர்மெலின் உள்ளங்கையில் 'டொக்' என்று ஓர் அடி. நீலப் புகை. அப்புறம் என்ஜின் சீராக ஓட ஆரம்பித்தது. அந்த 'டொக்' வேறு யாருக்கும் கேட்கவில்லை.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். அதற்குள் பிரிக்கூர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏறுடா! கூட வர்ற மெக்கானிக் காய்ச்சல்ல படுத்துட்டான். இன்னிக்கு நீதான்."

அர்மெல் ஏறினான். தான் செய்த சரக்கைத் தானே தின்று பார்க்கும் நிலைமை எந்தக் கடைக்காரனுக்கும் வரக்கூடாது.

ஓடுபாதை முனையில் பிரிக்கூர் இரண்டு என்ஜினையும் முறுக்கிப் பார்த்தார். அளவுமானி முள்ளெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அர்மெல் இடது முள்ளை முறைத்தான். அது அசைந்து தன்னைக் காட்டிக் கொடுக்காதா என்று ஏங்கினான். அசையவில்லை. விமானம் எழுந்தது.

கீழே பைன் காடு, இறங்க ஒரு பொட்டு இடம் இல்லை. இடது என்ஜினின் சத்தத்தில் ஏதோ ஒரு துடிப்பு தப்புவதுபோல் இருந்தது. உற்றுக் கேட்டால் இல்லை. இருந்தது. இல்லை. கால் கட்டைவிரல்கள் பூட்சுக்குள் தரையைப் பற்றிக்கொண்டிருந்தன.

"ஏன்டா வெளுத்துப் போயிருக்க? சிப்பி ஒத்துக்கலையா?" என்றார் பிரிக்கூர்.

பின்னால் கர்னலும் இரண்டு அதிகாரிகளும். கர்னல் ஆரஞ்சு உரித்துக்கொண்டே முன்பக்கம் வந்து அவன் தோளைத் தட்டினார். "கெரூவாஸ்தானே? உன் பேரு என் பையிலதான் இருக்கு. வீட்டம்மாகிட்ட சொல்லிடு, சந்தோஷப்படட்டும்." ஒரு சுளையையும் நீட்டினார்.

சுளை அவன் கையில் நசுங்கிச் சாறு மணிக்கட்டில் வழிந்தது. கர்னலின் இருக்கையில் கிடந்த பையைத் திரும்பிப் பார்த்தான். விமானம் விழுந்தால் பையும் விழும், பட்டியலும் எரியும். இவ்வளவு சுலபமான கணக்கு இதுவரை ஏன் புரியவில்லை என்று அவனுக்கே விளங்கவில்லை.

"நான் வடிக்கல," என்றான். என்ஜின் இரைச்சலில் அது கேட்கவில்லை. திரும்பக் கத்தினான். "ஐயா, நான் வடிக்கல! பின்னால சுத்திட்டேன். கிளப்பும்போது அடிச்சுது. என் கையில தெரிஞ்சுது."

பிரிக்கூரின் முகத்திலிருந்து சிரிப்பு வழித்தெடுத்ததுபோல் போனது. "பாவி. இதைத் தரையில சொல்றதுக்கு என்ன கேடு?"

கர்னல் நகரவில்லை. கையில் பாதி ஆரஞ்சு. "நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"ஒத்தைக் கால்ல நொண்டணும் கர்னல் ஐயா. கோன்யாக் தளம் பதினெட்டு நிமிஷம்."

"நிறுத்தலேன்னா?"

"அது எப்போன்னு அதுக்குத்தான் தெரியும்."

"நிறுத்து."

இடது விசிறி தடுமாறி நின்றது. பறக்கும்போது அசையாத இறக்கைகளை அவ்வளவு பக்கத்தில் அர்மெல் பார்த்ததே இல்லை. இப்போது எல்லோர் உயிரும் வலது என்ஜினில். அதைப் பத்து இறக்கை முழுசாகச் சுற்றினேனா? சுற்றினேன். எண்ணினேனா? எண்ணினேன். பத்தா, ஒன்பதா? பிரிக்கூர் ஒரு காலை மிதியில் ஊன்றி விமானம் இடது பக்கம் திரும்பாமல் இழுத்துப் பிடித்திருந்தார். அந்தத் தொடை நடுங்கியது. உயரம் காட்டும் முள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பின்னால் ஓர் அதிகாரி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசித் திராட்சைத் தோட்டத்து வேலியை உரசுவதுபோல் தாண்டிச் சக்கரம் தரையில் முட்டியது.

கோன்யாக் தளத்து மெக்கானிக் ஒரு கிழட்டு முணுமுணுப்பான். இடது என்ஜினின் பிளக்குகளைக் கழற்றினான். ஒவ்வொரு துளையிலும் ஒரே பென்சிலைச் செருகி, விசிறியைச் சுற்றச் சொல்லி, பிஸ்டன் எவ்வளவு தூரம் வந்து திரும்புகிறது என்று நகத்தால் கீறிப் பார்த்தான். முதல் ஐந்து சிலிண்டரிலும் ஒரே கீறல். ஆறாவதில் கீறல் ஒரு நகக்கனம் தள்ளி விழுந்தது.

"வளைஞ்சிருக்கு," என்றான். "இன்னொரு பத்து நிமிஷம் ஓடியிருந்தா உங்க சிப்பியெல்லாம் மறுபடி தண்ணியிலதான்."

கர்னல் பென்சிலை வாங்கி இரண்டு கீறலையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு பையைத் திறந்து பட்டியலை எடுத்து, அதே பென்சிலால் ஒரு பெயரை அடித்தார். இன்னொரு தாளில் எட்டு நாள் சிறைக்காவல் என்று எழுதினார்.

"பொய் சொன்னதுக்கு," என்றார். "கையெழுத்துப் போடு."

அர்மெல் பென்சிலை வாங்கிக் குனிந்தான். எழுத்து தாளில் நிற்கவில்லை, கிறுக்கலாக ஓடியது. அவன் கை அவ்வளவு நடுங்கியது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். அப்படியும் பென்சில் முனைக்கு அடியில் தாள் படபடத்துக்கொண்டே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தான். தாளின் மறுமுனையைப் பிடித்திருந்தது கர்னலின் கை.