சத்துமாவு டப்பா

“எம்மா, மாவுல தண்ணியே இல்லியே, இந்த வண்டுங்கோ இன்னாத்த குடிக்கும்?”

மகள் ஆன்சி ஒருநாள் இப்படிக் கேட்டபோது அடைக்கலமேரிக்குச் சிரிப்புதான் வந்தது. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் ஆன்சி போய்விட்டாள். ஏழு வயது. சத்துமாவில் சர்க்கரை போட்டு வெறுமனே அள்ளித் தின்கிற பிள்ளை. கடைசியாக அவள் அள்ளின இடத்தில் விரல் தடம் பதிந்திருந்தது. அதன்மேல் டப்பாவின் நசுங்கின மூடியை வைத்து மூடிய அடைக்கலமேரி, பிறகு டப்பாவைத் திறக்கவும் இல்லை, யாரையும் தொட விடவும் இல்லை. அலமாரியைத் துடைத்தால் அதை அசைக்காமல் சுற்றித் துடைப்பாள்.

ராயபுரத்தில் அவர்களுடையது ஒட்டுக்குடித்தனம். அலமாரிக்குப் பின்னால் ஒரே சுவர். அந்தப் பக்கம் மீன் விற்கிற முத்தம்மா. அவள் கொஞ்ச நாளாக மாடியில் அரிசி புடைத்தபடியே இருந்தாள். கேட்டால், “ரேஷன் அரிசி அப்டிதான் கீது மேரி. எடை போடச்சொல்லோ வண்டையும் சேத்துல்ல போடறான்!” என்று சிரிப்பாள்.

ஒரு மாலை சுவருக்கு அப்பால் அவள் மருமகள் நர்மதாவின் குரல் வெடித்தது.

“ரேஷன் அரிசியாம்! செவுத்து ஓட்டை வழியா அவுங்கோ டப்பாவுலேர்ந்து வரிசையா வந்துகினு கீது அத்தே. தூக்கிப் போடச் சொன்னா இன்னாவாம்?”

“மெல்லப் பேசுடி. அந்தப் பொண்ணு கை வச்ச டப்பா அது. வண்டு பொறுக்குனா உன் கை தேஞ்சா பூடும்?”

அடைக்கலமேரி அலமாரியைப் பார்த்தாள். மூடியின் ஓரத்திலிருந்து பழுப்பு வண்டுகள் சுவர் வெடிப்பை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. பிறத்தியார் துக்கத்துக்காகத் தன் அரிசியில் வண்டு பொறுக்குகிற மனுஷியை ஆண்டவர் பார்க்காமலா இருப்பார்?

சிலுவை போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தாள். விரல் தடம் இல்லை. வண்டுகள் உழுது உழுது எல்லாவற்றையும் ஒரே தூளாக்கியிருந்தன. எத்தனை நாள் வெறும் தூளுக்குக் காவல் இருந்தாளோ! டப்பாவை மடியில் வைத்து, சத்தம் சுவரைத் தாண்டாதபடி முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

விடிந்ததும் மாவைத் தெருக்கோழிகளின் முன்னால் கொட்டினாள். அவை ஓடிவந்து கொத்தியதை நின்று பார்க்க முடியவில்லை. அலமாரியைக் கழுவினாள். வெடிப்பைச் சிமெண்டால் அடைத்தாள்.

மாமியாரும் மருமகளும் மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தார்கள். மாடியில் பழைய புடவைமேல் அவர்கள் அரிசி வெயிலில் கிடந்தது. அடைக்கலமேரி முறத்தை எடுத்துப் புடைத்தாள். புடைத்ததைப் பொறுக்கினாள். கண்ணீர் மறைத்தபோது துடைத்துக்கொண்டு மறுபடி பொறுக்கினாள். ஒரு வண்டுகூட இல்லை என்றானதும் அரிசியைப் பழையபடி பரப்பி, முறத்தை அவர்கள் சாய்த்துவைத்திருந்தபடியே சாய்த்துவிட்டு இறங்கினாள்.