பித்தளை தெரிந்த இடம்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த வீரசிங்கத்துக்குப் பழைய பெற்றோமெக்ஸ் விளக்கென்றால் பைத்தியம். பதினேழு விளக்குகள் சேர்த்து வைத்திருந்தார். எண்ணெய்த் தாங்கியின் அடியைத் தடவியே, இது ஜெர்மன்காரன் யுத்தத்துக்கு முன் செய்தது, இது சுவீடன் சரக்கு என்று சொல்லிவிடுவார். பதுளைக் கடைக்காரர்களே அவரிடம்தான் விளக்கைக் காட்ட வருவார்கள். அந்தப் பெருமையில் மனுஷனுக்குத் தலை கொஞ்சம் கனம்தான்.

பத்தாம் நம்பர் லயத்தில் குடியிருந்து கொழுந்தெடுக்கும் பெரியாயியிடம் ஒரு ஜெர்மன் விளக்கு இருந்தது, அவள் அப்பன் காலத்தது. மூடியிலிருந்து பம்பு வரை எல்லாம் அசல். வீரசிங்கம் பத்து வருஷம் கேட்டுப் பார்த்தார்.

"சாமி விளக்குங்கய்யா, குடுக்க முடியாதுங்க" என்று மறுத்துக்கொண்டே இருந்தாள்.

மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் அதுதான் போகும். வருஷா வருஷம் தாங்கியில் ஒரே இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பிறகு புளி போட்டுத் தேய்த்ததில், அங்கே மட்டும் நிக்கல் பூச்சு கழன்று, ஒரு ரூபாய்க் குத்திக் காசு அளவுக்குப் பித்தளை தெரியும்.

எழுபத்தேழு ஆவணி இனக் கலவரத்தில் லயத்தைச் சூறையாடினார்கள்; அந்த விளக்கும் போயிற்று. மூன்று வாரம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவன் சாக்கில் சுற்றிய விளக்கொன்றைக் கிளாக்கர் வீட்டுக் குசினிப் பக்கமாகக் கொண்டுவந்தான். சாக்கைப் பிரித்ததுமே வீரசிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. கேட்டதைக் கொடுத்து வாங்கினார். எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கவில்லை.

புதுப் பூச்சு போட்டு அந்த இடத்தை மறைத்திருக்கலாம். ஆனால் பழைய விளக்குக்குப் புதுப் பூச்சு போடுவது அவருக்குப் பாவம். பாவ புண்ணியத்தில் மகா கறார். அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி அலமாரியில் வைத்தார்.

தை மாதம் பெரியாயி வந்தாள். இந்தியாவுக்கே போய்விட அவளுக்குப் பாஸ்போர்ட் கிடைத்திருந்தது.

"போறதுக்குள்ள அந்த வெளக்கக் கோயில்ல வச்சிட்டுப் போகணுங்கய்யா. எவனாச்சும் ஒங்ககிட்ட கொண்டாந்து காட்டியிருப்பான்னு வந்தேன். ஒங்களுக்குத்தான் பார்த்த ஒடனே தெரியுமே."

வீரசிங்கம் அலமாரியைக் காட்டினார். "என்கிட்ட வரல. வேணும்னா நீயே பாரு" என்றார். வரிசையில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும் என்ற தைரியம்.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆறாவது விளக்கின் முன்னால் நின்றாள். கையை அதன் பின்புறமாக விட்டுத் தாங்கியைத் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. வீரசிங்கம் ஜன்னலைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இப்போதும் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

அவள் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வெளக்கு இல்லீங்கய்யா. எங்களுதா இருந்தா நீங்க சொல்லாமலா இருப்பீங்க?"

எப்போதும் "போயிட்டு வாறேங்க" என்று சொல்லிப் படியிறங்குகிறவள், அன்றைக்கு "போறேங்க" என்றாள்.