ஐந்து கிராம் தண்ணீர்

என் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. என்று போட்டிருந்தது. பொய். இயற்பியல் பிராக்டிகலில் ஓர் அரியர் பாக்கி இருந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுத்த அன்று அப்பாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை, அப்புறம் ஊரில் யாரிடமும் வரவில்லை. பதின்மூன்று வருடமாக முள்ளிப்பட்டில் நான் பி.எஸ்சி. படித்த பரிமளா. தெருவில் ஒருத்தருக்கு ஆதார் கார்டில் பெயர் தப்பாக வந்தாலும் என்னிடம்தான் ஓடிவருவார்கள். நானும் தறியை நிறுத்திவிட்டு ரொம்பப் படித்தவள்போல் அதை வாங்கிப் பார்ப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

உண்மை தெரிந்தவர் என் வீட்டுக்காரர் பாலமுருகன் மட்டும்தான். பழைய அரியர்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு, இதற்குப் பிறகு கிடையாது என்று பல்கலைக்கழகம் அறிவித்ததைப் பேப்பரில் பார்த்துவிட்டு வந்து சொன்னவரும் அவரே. இதையும் விட்டால் சாகும்வரை அந்தப் பொய்யோடுதான் இருக்க வேண்டும். அன்றைக்கே பணம் கட்டினேன்.

நான் தோற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். தாமிரத்தின் தன் வெப்ப ஏற்புத் திறனைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. பெயர்தான் பெரிசு. ஒரு தாமிரக் கட்டியை நூலில் கட்டிக் கொதிக்கிற நீரில் தொங்கவிட்டு, சூடேறியதும் கலோரிமீட்டர் என்கிற சின்னச் செம்புக் குவளையில் இருக்கும் பச்சைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். தண்ணீர் எத்தனை டிகிரி சூடாகிறது என்று பார்த்தால், தாமிரம் எவ்வளவு வெப்பத்தைக் கொண்டுவந்தது என்று கணக்குப் போடலாம். புத்தகத்தில் இருக்கும் விடை 385. அது எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் கேடு. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிவிடுவோம். சமைப்பது என்று அதற்குப் பெயர். அந்த வருடம் நானும் சமைத்தேன், அடுப்பையே பற்ற வைக்காமல். பரீட்சை எடுக்க வந்தவர் என் பீக்கரைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அத்தோடு சரி.

இந்த முறை என்ன ஆனாலும் செய்துதான் எழுதுவது என்று தீர்மானம். ஒரு வாரம் முன்னால் ஒத்திகைக்குப் போனேன். லேபில் கொடுத்த தையல் நூல் அறுந்து, கட்டி விழுந்து, பீக்கர் உடைந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. லேப் உதவியாளர் குமரேசனைப் பிடித்துக்கொண்டேன். பட்டுக்குப் பேர்போன ஆரணியில் காலேஜை வைத்துக்கொண்டு இந்த இற்றுப்போன நூலில்தான் தாமிரத்தைத் தொங்கவிடுவீர்களா, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவர் பெருக்கிக்கொண்டே, அப்படியானால் நீயே கொண்டுவா என்றார்.

கொண்டுபோனேன். பாவு முடிந்து தறியில் மிஞ்சிய அரக்குச் சிவப்புப் பட்டு இழைகளை எடுத்து, பென்சில் கனத்துக்கு எட்டுப் பின்னல் போட்டேன். அரியர்காரர்கள் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் அதே சோதனை. பரீட்சை அன்று காலையில் ஆளுக்கொன்று கொடுத்தபோது, பக்கத்து மேசை கோபிநாத் தாமிரக் கட்டியைக் கட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, இதில் என்னையே தொங்கவிடலாம் அக்கா என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பரீட்சை எடுக்க எக்ஸ்டர்னலாக வந்திருந்தவர் குணசுந்தரி மேடம். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. மேசை மேசையாக நடந்துகொண்டே இருந்தார்.

நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். குவளையை எடை போட்டேன், நூற்றைம்பது கிராம் தண்ணீர் ஊற்றி மறுபடி எடை போட்டேன். முப்பது டிகிரி. இருநூறு கிராம் கட்டியை, தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு காட்டிய கொதிநீரில் கால் மணி நேரம் வைத்து, ஒரே தூக்காகத் தூக்கிக் குவளைக்குள் இறக்கி, நூலும் உள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுக் கலக்கினேன். முப்பத்தொன்பது டிகிரி. கணக்குப் போட்டேன்.

497 வந்தது.

மறுபடி போட்டேன். 497. ஒன்றும் செய்யாமல் எழுதிய வருடம் சரியான விடை வந்தது, உயிரைக் கொடுத்துச் செய்த வருடம் தப்பான விடை வருகிறது. என்ன நியாயம் இது? கோபிநாத் எட்டிப் பார்த்து மெல்லச் சொன்னான்.

"அக்கா, முப்பத்தொம்பத முப்பத்தேழுன்னு மாத்து. ஜல்தியா முடிச்சிட்டு வீட்டுக்குப் போ. யாரு பாத்துகினு இருக்கா?"

மாற்றினால் பாஸ். ஒரு இலக்கம்தான். பேனா கையில் இருந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எழுதக்கூடாது என்று பேனாவை மூடிவிட்டுக் கட்டியை வெளியே எடுக்க நூலைத் தூக்கினேன். நூல் கனத்தது.

பட்டு நெய்கிறவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எங்களுக்கு முதலாளி மாணிக்கவேல் பட்டை எடை போட்டுத்தான் கொடுப்பார், புடவையை எடை போட்டுத்தான் வாங்குவார். மழைக்காலத்தில் கொடுத்ததைவிடப் புடவை கூடுதலாக நிற்கும். பட்டு ஈரத்தைக் குடித்திருக்கிறது என்று அவர் முணுமுணுப்பார், நாங்கள் தண்ணீர் தெளித்துவிட்டோமோ என்று சந்தேகமாகப் பார்ப்பார். காற்றில் இருக்கிற ஈரத்தையே குடிக்கிற பட்டு, கொதிக்கிற தண்ணீரில் கால் மணி நேரம் கிடந்தால் சும்மா இருக்குமா?

தூக்கியதை அப்படியே உள்ளே இறக்கிவிட்டு, குவளையோடு தராசில் வைத்தேன். குவளை அறுபது, தண்ணீர் நூற்றைம்பது, கட்டி இருநூறு, காலையிலேயே எடை போட்டிருந்த நூல் மூன்று. நானூற்றுப் பதின்மூன்று இருக்க வேண்டும். தராசு நானூற்றுப் பதினெட்டு காட்டியது. ஐந்து கிராம் கொதிநீரை என் பின்னல் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து உள்ளே விட்டிருக்கிறது. அதன் சூட்டையும் தாமிரத்தின் தலையில் கட்டியிருக்கிறேன். அந்த ஐந்து கிராமின் சூட்டைக் கழித்துவிட்டுப் போட்டேன். 392. சமைத்த 385 இல்லை, நான் அளந்த 392. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மேடம் வந்து நின்றார். தாளில் அடிக்காமல் இருந்த 497ஐயும், கீழே இருந்த 392ஐயும் பார்த்தார்.

"புக்ல என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியுங்க மேடம். ஆனா எனக்கு வந்தது இதுதாங்க. நான் கட்ன பட்டு நூலு தண்ணியக் குடிச்சிடுச்சி."

காட்டச் சொன்னார். காட்டினேன். தராசை அவரே ஒரு முறை பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி மற்ற ஏழு மேசைகளையும் பார்த்தார். ஏழிலும் அரக்குச் சிவப்புப் பின்னல் சொட்டிக்கொண்டிருந்தது. அதே நூலில் யாருக்கும் 385 வந்திருக்காது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ என்று ஆகிவிட்டது.

மேடம் ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தார். 385. 384. 386. 385. கோபிநாத்தினுடையது மட்டும் மரியாதைக்கு 388.

"எல்லாருக்கும் இதே நூலுதானா?" என்று கேட்டார். குமரேசன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. ஏழு பேரும் முதல்லேர்ந்து செய்ங்க. நூல எடை போடுங்க. என்ன வருதோ அத எழுதுங்க."

ஏழு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். கட்டின கயிறு கடைசியில் எங்கள் கழுத்துக்கா அக்கா என்று கோபிநாத் பல்லைக் கடித்தான். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. மிச்சமிருந்த காய்ந்த இழையை அவன் மேசையில் வைத்தேன், புதிதாகப் பின்னி, நனைக்கும் முன் எடை பார்த்துக்கொள்ளட்டும் என்று.

மேடம் என் தாளில் கையெழுத்துப் போட்டார். எத்தனை மதிப்பெண் என்று காட்டவில்லை, காட்டவும் கூடாது. தாளை மடித்துக்கொண்டே சொன்னார்.

"பட்டமளிப்பு விழாவுக்கு நேர்ல வாங்க. சர்டிஃபிகேட்டத் தபால்ல கேக்காதீங்க."

சரிங்க மேடம் என்றேன். படி இறங்கும்போது கால் தரையில் பாவவே இல்லை.

முள்ளிப்பட்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்தார். முன்னே பின்னே பார்த்ததில்லை. டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார். சில்லறையைக் கொடுத்துவிட்டு, அவர் கேட்காமலேயே சொன்னேன்.

"நான் பி.எஸ்சி. ஃபிசிக்ஸ்ங்க."